பரணுக்கு ஒரு டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் செய்தி மடலில் வெளியிடப்படுகிறது.)

பார்க்கிங், லிஃப்ட், தண்ணீர் லாரி ஆகிய மூன்றைப் பற்றியும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் நமது வளாகத்தில் மின்கழிவு சேகரிக்கும் நாள் ஒன்று வைக்கப்போகிறோம். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு, 1983-ல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, பேரேட்டோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆகவே இதைக் கணக்குப் பிள்ளையின் கண்ணோடுதான் பார்க்கத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பரணில், லாஃப்டில், கட்டிலுக்குக் கீழே உள்ள டிராயரில் என்னென்ன இருக்கின்றன? எங்கள் வீட்டுப் பட்டியலை நானே சொல்கிறேன். டூ-இன்-ஒன் ஒன்று. வி.சி.ஆர். ஒன்று. வாக்மன் ஒன்று. வி.சி.டி. பிளேயர், டி.வி.டி. பிளேயர் இரண்டும். ஃபிலிம் கேமரா ஒன்று. பழைய செல்பேசிகள் ஐந்து, அவற்றுக்குப் பொருந்தாத சார்ஜர்கள் ஒன்பது. ஃபிளாப்பி டிஸ்க் ஒரு பெட்டி. எதற்கு என்று வீட்டில் யாருக்குமே தெரியாத ரிமோட் மூன்று. இதில் பாதியாவது உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லை என்பவர்கள் அண்மையில் வீடு மாறியவர்களாக இருப்பார்கள்.

இவற்றை ஏன் தூக்கிப் போடவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. இவை ஒவ்வொன்றும் வாங்கப்பட்ட விதம் வேறு. இன்று போல ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தி வாங்கியவை அல்ல.

ரேடியோ வைத்திருக்க ஒரு காலத்தில் லைசென்ஸ் வேண்டும். தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும். அதற்கென்று ஒரு சிறு புத்தகம் இருக்கும். 1980-களின் நடுவில்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான டி.வி.க்கள் அன்று வீட்டுக்கு வீடு பேச்சு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பை அடையாளம் வைத்துக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள்.

வி.சி.ஆர். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் அதை ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். டேப்ரிக்கார்டர் என்றால் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது வரவேண்டும், இல்லாவிட்டால் பர்மா பஜாருக்குப் போய்ப் பேரம் பேசவேண்டும். 1995-ல் இந்தியாவுக்குச் செல்பேசி வந்தபோது கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை 2003-ல்தான் வந்தது. அதனால் மணி அடித்தால் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு, தரைவழித் தொலைபேசியைத் தேடி ஓடினோம்.

ஆக, நாம் பரணில் வைத்திருப்பது பொருளை அல்ல. அதற்குக் கொடுத்த விலையை. அந்த விலை மனதில் அப்படியே இருப்பதால்தான் கை வரமாட்டேன் என்கிறது.

இங்கேதான் என் பி.காம். கொஞ்சம் உதவும். தேய்மானம் கணக்கிட இரண்டு முறைகளைப் படித்திருப்பீர்கள். நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே போவோம், ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். குறைந்து செல் மதிப்பு முறையில், மீதி இருக்கும் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழிப்போம். நான் 12,000 ரூபாய்க்கு ஒரு கலர் டி.வி. வாங்கினேன். அன்று அது எனக்கு நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று கழித்துப் பாருங்கள். பத்து ஆண்டில் 2,362 ரூபாய். இருபது ஆண்டில் 465. முப்பது ஆண்டில் 92 ரூபாய். இன்னும் நூறு ஆண்டு கழித்தாலும் அது குறையுமே தவிர, பூஜ்யம் ஆகாது.

நம் மனதும் இந்த இரண்டாவது முறையில்தான் கணக்கு எழுதுகிறது. "இன்னும் ஏதோ கொஞ்சம் மதிப்பு இருக்கும்" என்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காக, சதுர அடி இத்தனை ஆயிரம் என்று கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். செலவழித்த பணம் செலவழிந்ததுதான். பொருளை வைத்திருப்பதால் அது திரும்பி வராது. வணிகவியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். மூழ்கியதைப் பரணில் ஏற்றி வைப்பது நம் சாமர்த்தியம்!

"ஆண்ட்டிக்காக நல்ல விலை போகும்" என்று சிலர் நம்பிக்கையோடு இருக்கிறீர்கள். லட்சக்கணக்கில் தயாரித்து விற்ற பொருளுக்கு அரிய பொருள் என்ற விலை எளிதில் வராது. உங்களிடம் இருக்கும் அதே டூ-இன்-ஒன் எதிர் பிளாக்கிலும் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தக் கடைசி மதிப்புக்கு அருமையான ஒரு சொல் உண்டு. எறிமதிப்பு.

சரி, எல்லாவற்றையும் எறிந்துவிடலாம் என்றுதான் சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் விஷயம்.

வங்கிக் கிளைகளில் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். மேஜை, நாற்காலி, மின்விசிறி, இரும்பு பீரோ, இயந்திரங்கள் எல்லாம் அதில் பதிவாகும். ஆண்டுக்கொரு முறை எழுத்தர் ஒருவரும் அதிகாரி ஒருவரும் போய் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து டிக் அடிக்கவேண்டும். வங்கிகளை இயந்திரமயமாக்க டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் பரிந்துரை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்குப் பேரேடு எழுதும் இயந்திரங்கள் வந்தன. இவை நம் வேலையைப் பறித்துவிடும் என்று நாங்கள் எத்தனை வாயில் கூட்டம் போட்டோம்! கடைசியில் வேறு கணினிகள் வந்து, அந்த இயந்திரங்களே டெட் ஸ்டாக் ஆயின. அவற்றை ஏலத்தில் எடுத்துப் போனபோது நான் சர்வீசில்தான் இருந்தேன்.

அந்த ஏலத்துக்கு முன் எங்கள் கிளையில் ஒரு வழக்கம் கட்டாயமாக இருந்தது. எதை வெளியே அனுப்பினாலும், அதன் இழுப்பறைகளையெல்லாம் வெளியே உருவி, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். வீண் வேலை என்றுதான் தோன்றும். ஒரு முறை உடைந்த மேஜை ஒன்றின் இழுப்பறைக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் வைப்புத்தொகை ரசீது மடங்கிச் சிக்கியிருந்தது. எத்தனை ஆண்டாக அங்கே இருந்ததோ. மேஜைக்கு ஏலத்தில் கிடைத்தது நாற்பது ரூபாய். உள்ளே இருந்தது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

உங்கள் பரணுக்கும் இந்த ஒரு வழக்கத்தைத்தான் சிபாரிசு செய்கிறேன். "இது என்ன விலை, ஓடுமா, ஓடாதா" என்ற கேள்விகளை ஒதுக்கி வையுங்கள். "இதன் உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளே ஆபத்து இருக்கிறது. உள்ளே நாம் இருக்கிறோம்.

முதல் வகை எளிது. டி.வி.டி. பிளேயர், பழைய ஸ்பீக்கர், கீபோர்டு, பொருந்தாத சார்ஜர், கேபிள் கட்டு. தட்டில் டிஸ்க் இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். ஓடுகிற நிலையில் இருந்தால் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள்.

இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய குண்டு டி.வி.யின் படக்குழாயில் உள்ள கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பெரிய டி.வி. என்றால் அது கிலோ கணக்கில் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உயர் அழுத்த மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் ஆர்வலர்கள் அதைத் திறக்கவேண்டாம். எல்.இ.டி.க்கு முன்பு வந்த எல்.சி.டி. திரைகளில் பாதரசம் உள்ள மெல்லிய விளக்குகள் இருக்கின்றன. ரிமோட், டார்ச், பொம்மைகளில் மறந்துவிட்ட பென்சில் செல்கள் கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை வெறும் கையால் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பழைய செல்பேசியிலும் லேப்டாப்பிலும் உள்ள லித்தியம் பேட்டரி. இன்று வீட்டுக்குப் போனதும் அந்த டிராயரைத் திறந்து பாருங்கள். செல்பேசியின் முதுகு உப்பியிருக்கிறதா, மேஜையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா? அப்படியானால் அதைச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பற்றக்கூடும். நம் லாஃப்ட்டுகள் பெரும்பாலும் சமையலறை மேலேயும் மொட்டைமாடிக்குக் கீழேயும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அங்கே கை வைத்துப் பாருங்கள், தெரியும். உப்பிய பேட்டரியை அங்கே வைக்கவேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத, வெயில் படாத இடத்தில் தனியாக வைத்து, சேகரிப்பு நாளில் "இது உப்பியது" என்று சொல்லிக் கொடுங்கள்.

"காயலான் கடைக்காரர் வாசலுக்கே வருகிறாரே, அவரிடம் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். பழைய பேப்பருக்கும் இரும்புக்கும் அவர் போல உபகாரி இல்லை. ஆனால் மின்பொருள் அவர் கையிலிருந்து எங்கெங்கோ போகும். செம்புக்காக வயரை எரிப்பார்கள், உலோகத்துக்காகப் பலகைகளை அமிலத்தில் போடுவார்கள், படக்குழாயை உடைப்பார்கள். அதைச் செய்பவர்களும், அந்தப் புகைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். இதைத் தடுக்கத்தான் மின்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2022-ல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தவை. தயாரித்து விற்றவரின் பொறுப்பு மறுசுழற்சி வரை நீள்கிறது என்பது இவற்றின் சாரம். பேட்டரிகளுக்குத் தனி விதிகளும் 2022-ல் வந்தன. நமது சங்கம் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைத்தான் அழைக்கப்போகிறது. எடை போட்டு ரசீது வாங்கிக்கொள்வோம். ரசீது இல்லாமல் எதையும் அனுப்ப எனக்கு மனசு வராது.

இந்த வகையிலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் பழைய செல்பேசியிலும் கணினியிலும் இருக்கும் விவரங்கள். கொடுப்பதற்கு முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். செல்பேசி ஓடினால், படங்களை எடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணினியின் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நம்பாதீர்கள், மீட்க வழி இருக்கிறது. டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. வங்கிக்காரன் என்ற முறையில் ஒரு கூடுதல் வார்த்தை: அந்தப் பழைய செல்பேசியில் இருந்த எண்ணை விட்டுவிட்டீர்கள் என்றால், அது இன்னும் உங்கள் வங்கிக் கணக்கில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். நாம் விட்ட எண் வேறொருவருக்குப் போகும். ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். உள்ளே நாம் இருக்கும் பொருட்கள்.

எங்கள் உறவில் ஓர் அத்தை. அவர் கணவர் 1980-களில் மஸ்கட்டில் வேலை பார்த்தார். டிரங்க் கால் போட்டுப் பேசினால் மூன்று நிமிடத்தில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், செலவு அப்படி. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட். அங்கிருந்து அவர் பேசி அனுப்புவார். இங்கிருந்து அத்தை டூ-இன்-ஒன் முன் உட்கார்ந்து பதில் பேசுவார். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், வாசலில் கீரைக்காரம்மா கூப்பிடுவது கேட்கும், குழந்தைகள் பள்ளிப் பாட்டைப் பாடும். ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளில் இது சகஜம். இங்கே தலையாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

மாமா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது, ஓடாமல் கிடந்த டூ-இன்-ஒன்னைப் பையன் இருநூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டான். நல்ல பையன்தான். அம்மா பத்திரமாக வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் தொடவில்லை. அதில் பதினொரு கேசட்டுகள் அப்படியே இருந்தன. பன்னிரண்டாவது டூ-இன்-ஒன்னின் உள்ளேயே இருந்தது. யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியாகக் கேட்டது எதுவோ அதுதானே உள்ளே இருக்கும்? அத்தை யாரையும் திட்டவில்லை. "அடிக்கடி போட்டுக் கேட்டது அதுதான்பா" என்று மட்டும் சொன்னார்.

மீதிப் பதினொன்றையும் கணினிக்கு மாற்றிக் கொடுத்தோம். அப்படி மாற்றியபோது கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

காந்த நாடா சிரஞ்சீவி அல்ல. கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963-ல். சோனியின் வாக்மன் 1979-ல் வந்தது. வி.எச்.எஸ். வீடியோ 1976-ல் ஜப்பானில் வந்தது. வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதாவது உங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கப் புதிய இயந்திரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இருக்கிற இயந்திரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. நாடாவோ, நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறது. இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி.

ஆகவே முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் போடாதீர்கள். இயந்திரத்தின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் துடைத்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும். சுத்தமாக இருந்தால், அந்தக் காலத்துப் பென்சிலை ஓட்டையில் விட்டு மெதுவாகச் சுற்றி, நாடா ஒட்டாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. சினிமாப் பாட்டு பதிவதற்காக அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிய கைகள்தானே நம் கைகள்! வீடியோ கேசட்டிலும் முதுகுப் பக்கம் அப்படி ஒரு பல் இருக்கும்.

டூ-இன்-ஒன் ஓடவில்லை என்றால் உடனே கைவிடவேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்தான் தொய்ந்திருக்கும், அல்லது தார் போல இளகியிருக்கும். பெல்ட் மாற்றுவது பழகிய மெக்கானிக்குக் கையளவு வேலை. ஓடத் தொடங்கியதும், ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஆடியோ இன்புட்டுக்குக் கொடுத்துப் பதியலாம். வி.சி.ஆர். என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யூ.எஸ்.பி.க்கு மாற்றும் சிறு கருவி வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டை மாற்ற அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். அதில் ஒன்றும் நஷ்டம் இல்லை.

கடையில் கொடுத்து மாற்றுவதானால், முதலில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். எத்தனை கேசட் கொடுத்தோம் என்று எழுதி வாங்குங்கள், மூலத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதை ஒரே பென் டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். குறைந்தது மூன்று இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும். ஃபோட்டோ நெகட்டிவ்களும் அப்படித்தான். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமில் எடுத்த படங்கள்கூட உங்களில் சிலரிடம் இருக்கும். பிரிண்ட் மங்கியிருந்தாலும் நெகட்டிவ் நன்றாக இருக்கலாம். ஃபிலிம் கேமராவை எறியும்முன் உள்ளே ரோல் இருக்கிறதா என்று எண் காட்டும் ஜன்னலைப் பாருங்கள், ரீவைண்ட் பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடை தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. மூடியைத் திறக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் போச்சு. 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் இன்றைய செல்பேசிப் படம் ஒன்றுகூடக் கொள்ளாது. ஆனால் உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் எழுதிய கதை ஒன்று அதில் இருக்கலாம்.

இதையெல்லாம் விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இயந்திரம் கெட்டால் வேறு தேடலாம். நாடாவில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் தேட முடியாது. கல்யாண வீடியோவில் மூன்றாவது வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர் யார்? உங்களுக்குத் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாது. பேரனுக்கு அவர் வெறும் ஒரு கிழவர். ஆகவே மாற்றிய வீடியோவைப் போட்டுவிட்டு, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யாரு, அது யாரு" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு தாளில் பெயர், உறவு, ஊர், ஆண்டு என்று எழுதுங்கள். பெயர் இல்லாத படம், கணக்கு எண் இல்லாத செக் மாதிரி. பணம் இருக்கும், யாருக்கும் போய்ச் சேராது.

இந்த அறையில் இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களாகிய நாம்தான் இந்த வேலைக்குத் தகுதியானவர்கள். நமக்கு முந்தியவர்களுக்கு இந்தக் கருவிகள் தெரியாது. நமக்குப் பிந்தியவர்களுக்கு இந்த முகங்கள் தெரியாது.

எதை வைத்துக்கொள்வது என்றும் கேட்பீர்கள். ஓடுகிற, பயன்படுகிற பொருளை வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் செல்லில் ஓடும் சின்ன ரேடியோவை நான் கொடுக்கமாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் அடுத்த ஆண்டு வர்தா புயலிலும் மின்சாரமும் செல்பேசியும் இல்லாமல் நாம் இருந்தது நினைவிருக்கும். செல்களை மட்டும் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். ஒன்றும் பயன்படாவிட்டாலும், அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது என்று ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்ள ஆசையா? தாராளமாக வையுங்கள். ஆனால் பரணில் அல்ல, கூடத்தில் கண்ணில் படும்படி, யார் எப்போது வாங்கியது என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். நினைவுப் பொருள் என்றால் நினைக்கப்படவேண்டும் அல்லவா?

இனி நடைமுறை. இந்த மடலோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். நான் போட்ட கட்டங்கள்தான்: பொருள், வாங்கிய ஆண்டு, கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு, ஓடுமா, உள்ளே என்ன இருக்கிறது, முடிவு. விலை என்று ஒரு கட்டம் வேண்டுமென்றே போடவில்லை. அதைப் போட்டால் நீங்கள் எதையும் கொடுக்கமாட்டீர்கள். கடைசியில் இரண்டு கையெழுத்து. திறந்து பார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். கணவர் ஒன்று, மனைவி ஒன்று போடலாம். பிள்ளைகள் போடுவதானால் ஒரு கையெழுத்து கட்டாயம் பெரியவர்களுடையதாக இருக்கட்டும்.

நம் வளாகத்தில் 64 வீடுகள். 64 வீட்டிலும் ஓடும் டெக் வேண்டியதில்லை. ஓடுவது ஒன்று இருந்தால் எல்லோருக்கும் போதும். பெல்ட் மாற்றிய என் டூ-இன்-ஒன் தயார். ஓடும் வி.சி.ஆர். யாரிடமாவது இருந்தால் சேகரிப்பு நாளில் போட்டுவிடாமல், முதலில் செயலாளரிடம் சொல்லுங்கள். சங்க அறையில் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் உட்காருகிறேன். பி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் கணினியோடு உதவ முன்வந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. உங்கள் கேசட்டை நீங்களே கொண்டுவந்து, நீங்களே உடன் இருந்து, நீங்களே எடுத்துப்போகவேண்டும். அடுத்தவர் வீட்டுப் பேச்சை நாங்கள் தனியாக உட்கார்ந்து கேட்கமாட்டோம்.

சேகரிப்பு நாளின் தேதியைச் செயலாளர் அறிவிப்பார். அதற்கு முன் உங்களுக்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஏணியில் நீங்கள் ஏறவேண்டாம், இளையவர்களை ஏறச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இறங்கிவரும் ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து பாருங்கள்.

பத்து நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். டீ ஆறிக்கொண்டிருக்கிறது.